புகைபோக்கியில் வந்த தமிழ்

கண்ணா,

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. இதயத்து வால்வு சுருங்கிப் போனதால் வருகிற படபடப்பைச் சொல்லவில்லை. அதோடு நான் பல மாதமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன், பழகிவிட்டது. இது வேறு. இங்கிலாந்தில் அந்தக் கல் வீட்டில், நெருப்பே மூட்டாத கணப்புக்குள்ளிருந்து உன் குரல் தமிழில் வந்ததே, அன்றைக்கு ஆரம்பித்தது. அமெரிக்காவில் நம் பிளானோ வீட்டுக்குத் திரும்பி வந்து, மழையில் நனைந்த துணியெல்லாம் துவைத்து மடித்து வைத்த பிறகும் நிற்கவில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று காலை வேலைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நீ மாடியில் உன் பழைய அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறாய். நீ தொண்டையைச் செருமுவதுகூட இங்கே கேட்கிறது.

உனக்கும் நிஷாவுக்கும் கல்யாணம் நடப்பதற்கு முன்னால் நாம் மூன்று பேர் மட்டும் ஒரு வாரம் எங்காவது போய் இருக்கலாம் என்று நீ வேலை பார்க்கிற சான் ரமோனிலிருந்து போன் செய்தபோதே நான் முதல் அதிர்ச்சியை வாங்கிவிட்டேன். “ஜஸ்ட் அஸ் த்ரீ, மா. நிஷாகிட்ட சொல்லிட்டேன். ஷீ இஸ் ஓகே வித் இட்” என்றாய். உன் வயதுப் பையன்கள் கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு எங்கெங்கோ போய்க் கூத்தடிப்பார்கள். நீ அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டாய். உன் அப்பா அன்றைக்குக் கடைக்குப் போன இடத்திலெல்லாம் இதைச் சொல்லிவிட்டு வந்தார். அதே வாரம்தான் டாக்டர் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்றார். ஒரு வாரம் இங்கிலாந்து போகலாமா என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே, போய்விட்டு வாருங்கள், மலை கிலை ஏறாதீர்கள், வந்ததும் தேதி குறித்துவிடலாம் என்றார். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, மனதுக்குள் வேறு தேதி குறித்துக்கொண்டேன். உன் கல்யாணம் தையில். என் ஆபரேஷன் அதற்கு அப்புறம். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று உன் அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

நீ காட்டேஜ் என்றதும் நான் நீச்சல் குளமும் வெந்நீர்த் தொட்டியும் இருக்கிற இடமாக நினைத்திருந்தேன். கார் அந்தச் சந்துக்குள் திரும்பி நின்றபோது நான் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தேன். தேன் நிறத்தில் ஒரு கல் வீடு, வளைந்து போன கல் கூரை, உள்ளே போகக் குனிய வேண்டிய கதவு. கதவுக்கு மேலே கல்லில் ஆண்டு செதுக்கியிருந்தது. அமெரிக்கா என்று ஒரு நாடே அப்போது கிடையாது. வீட்டுக்காரம்மா சாவியோடு வந்து, தலை பத்திரம் என்று சொல்ல, உன் அப்பா அவருக்கு நன்றி சொல்வதற்காகத் திரும்பி, அப்படியே போய் நிலையில் மடேர் என்று இடித்துக்கொண்டார். உள்ளே போனால் ஏசி கிடையாது. ஜன்னலுக்குக் கொசுவலை கிடையாது. பாத்ரூமில் கொதிக்கிற தண்ணீருக்கு ஒரு குழாய், உறைகிற தண்ணீருக்கு இன்னொரு குழாய், நடுவில் நாம் எப்படிக் கை கழுவுவது என்பது அவரவர் சாமர்த்தியம். உலகத்தையே ஆண்ட ஜனங்கள் குழாயில் இரண்டு தண்ணீரைக் கலக்கக் கற்றுக்கொள்ளவில்லையே என்று நான் வாய் பிளந்து நின்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

படிதான் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். கணப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கதவு, திறந்தால் அலமாரி என்று நினைப்போம், உள்ளே கல் படி சுழன்று செங்குத்தாக ஏறுகிறது. கைப்பிடிக்கு ஒரு கயிறு. முதல் நாள் பாதி ஏறியதும் எனக்கு மூச்சு நின்று போய், சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ பின்னால் பெட்டியோடு வந்தாய். முழங்கால் பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். “யூ ஷுர், மா?” என்று கேட்டாய். முழங்கால்தான் கண்ணா, வயசாச்சு இல்லையா என்று தேய்த்துக் காட்டினேன். அன்றிலிருந்து நானும் அப்பாவும் கீழே கணப்புக்கு எதிரே இருந்த சோபாவை இழுத்துப் போட்டுப் படுத்தோம், நீ மேலே படுத்தாய். நான் நன்றாக நடித்தேன் என்று எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

உன் அப்பாவுக்கு அந்த வீட்டுக் கல் சுவரின் மேல் காதலே வந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் கையால் தட்டிப் பார்ப்பார். “இதுதான் சுவர். நம்ம வீட்டுல இருக்கறது வெறும் அட்டை” என்பார். அவர் சொல்வதும் நிஜம்தான். பிளானோ வீட்டு ஷீட்ராக் அட்டைச் சுவரில் ஒரு தடவை உன் பேஸ்பால் போய் அப்படியே உள்ளே உட்கார்ந்துகொண்டது. இந்த வீட்டில் ஒருத்தர் தும்மினால் எல்லா அறையிலிருந்தும் ‘பிளெஸ் யூ’ வரும். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைக்குத் தெரியாமல் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றைப் பேச வேண்டுமென்றால் என்ன வழி? நாங்கள் கண்டுபிடித்த வழி தமிழ். கிண்டர்கார்டன் போன வருஷமே நீ இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். நான் கொஞ்ச நாள் கெஞ்சினேன், கொஞ்ச நாள் மிரட்டினேன், அப்புறம் விட்டுவிட்டேன். சாப்பிடு, தூங்கு, ஷூ போடு, இந்தத் தமிழ் உனக்குப் போதும் என்று வைத்துக்கொண்டோம். எங்களுக்கென்று வேகமாகப் பேசுகிற வேறு தமிழ் ஒன்று இருந்தது. நீ பக்கத்திலேயே உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்வாய், நாங்கள் உன் தலைக்கு மேலே அதில் பேசிக்கொள்வோம். உன் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. கதவைச் சாத்தியது போல நிம்மதியாக இருந்தது.

அந்த மழை நாள் மத்தியானம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அரை நாள் வேலை இருக்கிறது என்று லேப்டாப்போடு மேலே போய்விட்டாய். அந்த வீட்டுக்குள் போனில் சிக்னல் வராது, சர்ச் மதில் பக்கம் போய் நின்றால்தான் வரும். உன் அப்பா குடையோடு அங்கே போய், டாக்டர் ஆபீஸிலிருந்து வந்த வாய்ஸ்மெயிலைக் கேட்டுவிட்டு, முழுக்க நனைந்து திரும்பி வந்தார். நான் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“அடுத்த மாசம் ஒரு டேட் இருக்காம். கன்ஃபர்ம் பண்ணச் சொல்றாங்க” என்றார்.

“தைக்கு அப்புறம்னு சொல்லுங்க.”

“விளையாடறியா? பாதிப் படி ஏற முடியாம சோபாவுல படுத்திருக்க. அவன்கிட்ட முழங்கால்னு கதை விடற.”

“மெதுவா பேசுங்களேன்.”

“எதுக்கு மெதுவா? சுவத்தோட கனத்தைப் பாத்தியா? உள்ள கொலை விழுந்தாலும் வெளிய கேக்காது. அப்படியே கேட்டாலும் நாம பேசற ஸ்பீடுல அவனுக்கு என்ன புரியப் போவுது?”

அந்தச் சுவரை நம்பி, அந்தத் தமிழை நம்பி, நான் மனதில் இருந்ததைக் கொட்டினேன். “நான் சொல்றதைக் கேளுங்க. ஆபரேஷன் டேபிள்ல எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, ஒரு வருஷத்துக்கு வீட்டுல நல்ல காரியம் கிடையாது. கல்யாணம் நின்னுடும். நிஷா வீட்டுல என்ன நினைப்பாங்க? முதல்ல அவன் தாலி கட்டட்டும். அப்புறம் என்னை அறுத்துக்கோங்க, தைச்சுக்கோங்க, என்ன வேணா பண்ணிக்கோங்க. அவனுக்கு மட்டும் தெரிய வேணாம். தாங்க மாட்டான்.”

உன் அப்பா ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் கணப்புக்குள்ளிருந்து, என் காதுக்குப் பக்கத்திலிருந்து, யாரோ “அம்மா” என்றார்கள். டீ என் மடியில் கொட்டியது. முருகா என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் எத்தனை தலைமுறை வாழ்ந்து செத்திருக்கும், அதில் ஏதோ ஒன்று என்று ஒரு நொடி நினைத்தேன், அடுத்த நொடியே, இந்த ஊர்ப் பேய்க்குத் தமிழ் எப்படித் தெரியும் என்றும் நினைத்தேன். அந்தக் குரல் மறுபடி பேசியது. “அம்மா, நீ படி ஏறாத. நான் வரேன்.”

உன் அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. திருட்டுத்தனமாக ஏதோ செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள் நாங்கள்தான். பலகைக் கதவு திறந்தது. நீ ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி வந்து, தரையில், என் காலடியில் கல்லின் மேல் உட்கார்ந்தாய். கத்துவாய் என்று நினைத்தேன். நீ கத்தவில்லை. “எல்லாம் புரிஞ்சுது. ஒண்ணு மட்டும் புரியல. எதுக்கு ஒரு வருஷம்?” என்று கேட்டாய்.

உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “வீட்டுல யாராவது போயிட்டா, ஒரு வருஷம் கல்யாணம் பண்ணக் கூடாது. அது வழக்கம்.”

“யாராவதுன்னா, நீயா?”

நான் தலையை ஆட்டினேன்.

“அப்போ, நீ செத்துட்டா கல்யாணம் லேட் ஆகும்னு பயந்துட்டு, ஆபரேஷன் பண்ணாமயே செத்துப் போகப் போறியா?”

கண்ணா, இந்தக் கேள்வியை டாக்டர் இங்கிலீஷில் கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன். நீ நம் வீட்டுத் தமிழில் கேட்டாய். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் நான் போட்டு வைத்திருந்த திட்டம் எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிந்தது. அதுவரை அது எனக்குத் தியாகமாகத்தான் தெரிந்தது. சம்பந்தமே இல்லாமல், “எப்போடா தமிழ் கத்துக்கிட்ட?” என்று கேட்டேன்.

“எப்பவுமே தெரியும்மா.”

அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இடி. நீ அன்றைக்குப் பேசிக்கொண்டே போனாய், நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். நாக்கு அமெரிக்க நாக்குதான், ஆனால் வார்த்தைகள் எங்களுடையவை. தெரிய வேணாம், காட்டிக்காதீங்க, தாங்க மாட்டான், அப்புறம் பாத்துக்கலாம். நான் உனக்கென்று சொல்லிக் கொடுத்த தமிழில் நான்கு வார்த்தைதான் உண்டு. மற்றதெல்லாம் உனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் பேசின தமிழ். அதை வைத்துத்தான் நீ பேசுகிறாய். அப்பாவுக்கு வேலை போன மாதங்களில் அவர் தினமும் சட்டை மாட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போனது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொன்னபோது ஜன்னல் பக்கம் நின்றிருந்த உன் அப்பாவின் தோள் குலுங்கியது.

உன் தாத்தா திருச்சியில் தவறிப்போன நாளைப் பற்றியும் சொன்னாய். உனக்கு ஆஸ்டினில் கணிதப் போட்டி. காலையில் கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. பிள்ளை மனசு கலைந்துவிடும், போட்டி முடியட்டும் என்று முடிவு செய்து, கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு என் அப்பாவுக்காக அழுதபடி ஃப்ரீவேயில் வந்தேன். முன் சீட்டில் நாங்கள் எங்கள் வேகத் தமிழில், யார் யாருக்குச் சொல்ல வேண்டும், நான் எந்த ஃப்ளைட் பிடிப்பது என்று பேசிக்கொண்டு வந்தோம். நடுவழியில் பின் சீட்டிலிருந்து நீ, டோனட் வாங்கலாமா என்று கேட்டாய். இந்த நேரத்தில் இதற்கு டோனட் கேட்கிறதே என்று உன் மேல் ஆத்திரமாக வந்தது எனக்கு. அந்த ஆத்திரத்தை இத்தனை வருஷமும் மறக்காமல் வைத்திருந்தேன், பாவி.

“அன்னிக்கு எனக்கு டோனட் வேணாம்மா. வண்டி நின்னா நீ பாத்ரூம் போய் அழுதுட்டு வரலாம்னுதான் கேட்டேன்” என்றாய்.

“தெரிஞ்சும் ஏன்டா ஒண்ணும் சொல்லல?”

“நீங்கதானே சொன்னீங்க, அவனுக்குத் தெரிய வேணாம்னு. அதான் தெரியாத மாதிரி இருந்தேன்.”

நீ இங்கிலீஷில் பதில் சொன்னதற்கு என்னென்னவோ காரணம் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம், நண்பர்கள், வெட்கம், சோம்பல். நிஜக் காரணத்தை நீதான் அன்றைக்குச் சொன்னாய்: தமிழில் பதில் சொன்னால் உனக்கு எல்லாம் புரிகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும், நாங்கள் பேசுவதை நிறுத்திவிடுவோம், அப்புறம் வீட்டில் என்ன நடக்கிறது என்றே உனக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு சின்னப் பிள்ளை இப்படிக் கணக்குப் போடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாங்க மாட்டான் என்று நாங்கள் யாரைப் பற்றிச் சொன்னோமோ அவன்தான் எங்கள் இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

அப்புறம் நடந்த சண்டை உனக்கே தெரியும். கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று நீ ஆரம்பித்ததும் நான் வாயைக் கழுவு என்றேன். அப்படியானால் ஆபரேஷனை முன்னால் வை என்றாய். நான் அப்பாவைத் துணைக்குப் பார்த்தேன். அவர் உன் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மழையிலேயே நீங்கள் இருவரும் சர்ச் மதிலுக்குப் போய் டாக்டர் ஆபீஸுக்குப் போன் செய்து தேதியை உறுதி செய்துவிட்டு வந்தீர்கள். திரும்பி வரும்போது இருவருமே குனிய மறந்து, ஒருவர் பின் ஒருவராக நிலையில் இடித்துக்கொண்டீர்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுநாள் வீட்டுக்காரம்மா எலுமிச்சை கேக் கொண்டு வந்தபோது உன் அப்பா சுற்றி வளைத்துப் புகைபோக்கியைப் பற்றிக் கேட்டார். அந்த அம்மாள் சிரித்தார். கீழே இருக்கிற பெரிய கணப்புக்கும் மாடி அறையில் இருக்கிற சின்னக் கணப்புக்கும் புகை போகிற வழி ஒன்றுதானாம். அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய அம்மா படியேறி வந்து கூப்பிட மாட்டாராம், கணப்புக்குள் தலையை நீட்டி, சாப்பாடு தயார் என்பாராம், மேலே விளையாடுகிற பிள்ளைகளுக்கு அட்சரம் பிசகாமல் கேட்குமாம். இந்த வீட்டில் எங்களால் எதையுமே மறைக்க முடிந்ததில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கேக்கை வெட்டித் தட்டில் வைத்தார். உன் அப்பா அதன் பிறகு சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இப்போது ஒன்றுதான். உனக்குத் தமிழ், நிஷாவுக்கு குஜராத்தி, உங்கள் இருவருக்கும் நடுவில் இங்கிலீஷ் மட்டும்தான். அதைப் பற்றி நான் முன்பு வருத்தப்பட்டிருக்கிறேன். இப்போது அது நல்லதுக்குத்தான் என்று படுகிறது, ஒளிந்துகொள்ள உங்களுக்கு இடம் குறைவு. அவள் உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் தமிழில் அவளைப் பற்றி ஏதாவது ஆரம்பித்தால், அப்போதே நிறுத்து, அம்மா என்று பார்க்காதே. உடம்புக்கு ஒன்று என்றால், வேலையில் ஒன்று என்றால், அன்றைக்கே அவளிடம் சொல். அவள் தாங்க மாட்டாள் என்று நீயாக முடிவு செய்யாதே. நாங்கள் அப்படிச் சொன்னபோதெல்லாம், உண்மையில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களுக்குத்தான் தைரியம் வரவில்லை. பிள்ளைகள் பிறந்தால் அவர்களுக்கு எல்லாத் தமிழையும் கொடு. ஒளிந்து கேட்டுக் கற்றுக்கொள்ள விடாதே.

இவ்வளவும் எழுதி, பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து படித்துப் பார்க்கும்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது! ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு உன் சாக்கர் விளையாட்டு நேரத்தோடு மோதியதில் நீ உயிரெழுத்தோடு நின்றுவிட்டாய். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் காகிதத்தை எடுத்ததும் என் கை நேராக இந்த எழுத்துக்குத்தான் போயிருக்கிறது. உனக்கு எழுதுகிறேன் என்று உட்கார்ந்து, உன்னால் திறக்க முடியாத கதவுக்குப் பின்னாலிருந்து பேசியிருக்கிறேன். அவ்வளவு நடந்த பிறகும் பழக்கம் விடவில்லை.

ஏன் என்று யோசித்தேன். இத்தனை பக்கத்திலும் நான் எழுதாமல் சுற்றிச் சுற்றி வருவது ஒன்று இருக்கிறது. நீ காலையில் கேட்டபோதுகூட, இந்த ஊர் டாக்டர்களுக்கு வால்வு மாற்றுவது சட்டைப் பட்டன் மாற்றுவது மாதிரி என்று சிரித்துவிட்டுத் தோசை வார்க்கப் போனேன். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணா. ரொம்பப் பயமாக இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்த பிறகு கண் விழிப்பேனா, தையில் உன் பக்கத்தில் நிற்பேனா என்று பயமாக இருக்கிறது. இதை உன் அப்பாவிடம்கூட நான் எந்தத் தமிழிலும் சொல்லவில்லை.

மேலே நாற்காலி நகர்கிறது. உன் மீட்டிங் முடிந்துவிட்டது போலிருக்கிறது. இந்தக் கடிதத்தை மடித்து உறையில் போட மாட்டேன். நானே உனக்கு வாசித்துக் காட்டுகிறேன், முதல் வரியிலிருந்து இந்த வரி வரைக்கும், எதையும் விடாமல். நான் படி ஏறக் கூடாது. இங்கிருந்தே கூப்பிடுகிறேன், இந்த அட்டைச் சுவர் வீட்டில் உனக்கு நன்றாகக் கேட்கும்.

கீழே வா.